படைவீட்டை அளப்போர் யார்?

ஜவ்வாது மலையின் கீழ்ச் சரிவிலே, கமண்டல நாகநதி மலையை விட்டிறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில், படைவீடு என்னும் ஊர் இருக்கிறது. திருவண்ணாமலை ஜில்லாவில் சந்தவாசலிலிருந்து மேற்கே திரும்பிச் செல்வோர் வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் கடந்து அவ்வூரை அடைவர். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் சந்நிதிக்குத் திரண்டு வரும் ஜனங்களில் எத்தனை பேர், தாம் நடந்து செல்லும் மண்ணுக்கடியில் ஒரு ராஜதானி கிடக்கிறது என்பதை அறிவார்கள்?

சம்புவராயர்களின் தலைநகர் அது. அங்குள்ள அம்மையப்பேசுவரர் கோயிலில் ராஜகம்பீர சம்புவராயனுடைய 1258-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவன் பெயராலேயே ராஜகம்பீரன் மலை என்று மலைக்கோட்டையும் வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் தெற்கே படையெடுத்து வந்தபொழுது முதலில் முட்டிய கோட்டை இதுதான். அவன் தேவியாகிய கங்காதேவி இயற்றிய 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியம் அவ்வெற்றியைப் பாடுகிறது. பின்னர் விஜயநகரத்தார் ஆட்சியில் 'படைவீட்டு ராஜ்யம்' என்ற பெயரால் ஒரு பெரும் நிலப்பரப்பே அறியப்பட்டது. விரிஞ்சிபுரத்தில் 1426-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் என்ற வேற்றுமையின்றி ஒன்றுகூடி, இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்குவதில்லை, கன்னிகாதானமாகவே விவாகம் செய்விப்பது என்று உடன்படிக்கை எழுதி வைத்தார்கள். மீறினவன் ராஜ தண்டனைக்கு உள்ளாவதோடு ஜாதியிலிருந்தும் விலக்கப்படுவான் என்பது அதன் ஷரத்து. சட்டம் படித்தவர்கள் வாய்விட்டு வியக்கத்தக்க பத்திரம் அது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டுகள் ஆகியும் அவ்விஷயத்தில் நம் சமூகம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நாம் இங்கே விசாரிக்கப் புகவில்லை. நம் பேச்சு கோயில்களைப் பற்றியது.

அத்தகைய நகரம் எங்கே போயிற்று? மண்மாரி பொழிந்து மூடியது என்பர் ஊரார். பூமி நடுங்கிச் சாய்ந்தது என்பர் சிலர். ஆறு பெருகி மணலைக் கொண்டுவந்து கொட்டியது என்பர் வேறு சிலர். மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் மணலில் புதைவது இயற்கைக்கு மாறானதன்று. எவ்வாறாயினும், காலால் மிதித்துப் போன மணல்மேட்டுக்குள் கருங்கல் மண்டபங்கள் இருந்தன. டி.வி.எஸ். தொழில் குடும்பத்தாரின் ஸ்ரீநிவாசன் சேவை அறக்கட்டளை 1990-களிலிருந்து அவ்வட்டாரத்தில் செய்துவந்த கைங்கரியத்தின் பயனாகப் பல சந்நிதிகளில் மீண்டும் விளக்கு எரிகிறது. வில்லேந்தாமல் யோக நிலையில் வீற்றிருக்கும் ஸ்ரீராமனையும், அவன் எதிரே அமர்ந்து ஓலைச்சுவடி வாசிக்கும் அனுமனையும் இன்று நாம் தரிசிக்க முடிகிறதென்றால் அது அந்த உழைப்பினால்தான். இதற்காகத் தமிழ்நாடு நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் எழுந்தவை சில, எழாதவை பல. அந்த எழாதவற்றைப் பற்றித்தான் இப்பொழுது ஒரு புதிய பேச்சு கிளம்பியிருக்கிறது. இடிந்தும் புதைந்தும் போன ஆலயங்களைக் கணினிக்குள்ளே மீண்டும் எழுப்பிக் காட்டலாம் என்கிறார்கள். கல்லும் சுண்ணாம்பும் வேண்டாம். டிஜிட்டல் புனர்நிர்மாணம் என்று அதற்குப் பெயர். வித்தை புதிது, வித்தைக்குரிய மயக்கமும் அதில் உண்டு. ஆகவே அது யாது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை நம் நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

முறை இரண்டு வகை. ஒரே தூணைப் பல கோணங்களிலிருந்து, ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு படியும்படியாக, நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுப்பது முதல் வகை. ஒவ்வொரு படத்திலும் தென்படும் அதே புள்ளிகளைக் கணினி இனம் கண்டு, எந்தக் கோணத்திலிருந்து எது எவ்வாறு தோன்றுகிறது என்று கணக்கிட்டு, அப்புள்ளிகளை வெளியில் அவற்றிற்குரிய இடத்தில் நிறுத்துகிறது. நில அளவைக்காரர் முக்கோணம் போட்டு மலையுச்சியின் உயரத்தைக் கணிப்பதும் ஏறக்குறைய இதே யுக்திதான். இரண்டாவது வகையில் லேசர் ஒளியை வீசி, அது கல்லில் பட்டுத் திரும்பும் காலத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். ஒளியின் வேகம் தெரிந்தது. காலம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் கோயிலின் வடிவம் மயிரிழை பிசகாமல் கிடைத்துவிடுகிறது.

இரண்டு வகைக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுண்டு. அளப்பதற்குக் கல் கண்முன் இருக்கவேண்டும். அல்லது இருந்த காலத்தில் எடுத்த படமாவது இருக்கவேண்டும். இந்த நிபந்தனையை மறந்து பேசுவோரே அதிகம்.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி 7.8 அளவில் பூகம்பம் ஏற்பட்டு ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். காட்மாண்டு நகருக்கே பெயர் தந்த காஷ்டமண்டபம், கோரக்நாதர் எழுந்தருளியிருந்த அந்த மர மண்டபம், தரைமட்டமாயிற்று. அன்று அங்கே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. பாட்டன் நகரத்து அரண்மனைச் சதுக்கத்தில் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சார் நாராயணர் ஆலயமும், ஹரிசங்கரர் ஆலயமும் சரிந்தன. ஆயினும் பாட்டனில் ஒரு பாக்கியம் இருந்தது. காட்மாண்டுப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளையார் 1991 முதற்கொண்டு அப்பள்ளத்தாக்கின் கட்டடங்களைச் செப்பனிட்டும் அளந்து வரைந்தும் வந்தவர்கள். இடிபாடுகளிலிருந்து செதுக்கு வேலை செய்த மரத்துண்டுகளை ஊராரும் சிப்பாய்களும் பொறுக்கிக் காவலில் வைத்தார்கள். துண்டும் இருந்தது, வரைபடமும் இருந்தது; கோயில் எழுந்தது.

அவ்வாண்டே மொசூல் நகரத்துச் சிற்பங்கள் உடைபட்டதைக் கண்டு இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தொடங்கிய ஒரு முயற்சி, பின்னர் 'ரெக்ரெய்' என்று பெயர் மாற்றப்பெற்று, நேபாளத்துக்கும் பரவியது. யாத்திரிகர்களும் உல்லாசப் பிரயாணிகளும் தங்கள் விருப்பத்துக்கு எடுத்த படங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து போன வடிவங்களை மீட்பதே அதன் நோக்கம். ஒருவர் தம் மனைவி மக்களை நிறுத்தி எடுத்த படத்தின் பின்னணியில் ஒரு தூண் நிற்கும். அத்தூண்தான் இங்கே சாட்சி.

காஷ்டமண்டபத்தின் அடியைத் தோண்டிப் பார்த்த டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் நேபாளத்துத் தொல்பொருள் இலாகாவினரும் இன்னொன்றையும் கண்டார்கள். அஸ்திவாரம் ஏழாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் சென்றது. மண்டபத்தைத் தாங்கிய நான்கு பெருந்தூண்களில் ஒன்று மட்டும் அதற்குரிய பீடக்கல்லில் பொருந்தாமலே நின்றிருந்தது. பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தரையைப் பளபளப்பாக்கினார்களேயன்றி, அதன் கீழ் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பூகம்பத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமோ?

அளவு இல்லாத இடத்தில் நடப்பதற்கு உதாரணம் காங்க்ரா. 1905 ஏப்ரல் 4-ஆம் தேதி இமயமலைச் சாரலில் ஏற்பட்ட பூகம்பத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். புகழ்பெற்ற வஜ்ரேசுவரி ஆலயமும் வீழ்ந்தது. பக்தர்கள் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் கட்டினார்கள். ஆயினும் இன்று அங்கே செல்வோர் காண்பது இருபதாம் நூற்றாண்டின் கட்டடத்தையே. அம்பிகையின் சாந்நித்தியத்துக்கு அதனால் குறைவில்லை, சரித்திரத்துக்குக் குறைவுதான்.

ஜாவாத் தீவிலே பிரம்பானன் என்னுமிடத்தில் 240 கோயில்கள் கொண்ட பெருந்தொகுதி பூகம்பத்தாலும் காலத்தாலும் கற்குவியலாய்க் கிடந்தது. டச்சுக்காரர்கள் தொடங்கிய வேலையைச் சுதந்திர இந்தோனேஷியா முடித்தது. 47 மீட்டர் உயரமுள்ள சிவாலயம் 1953-இல் நிமிர்ந்தது. அவர்கள் ஒரு விதியை வைத்துக்கொண்டார்கள். ஒரு கோயிலின் பழைய கற்களில் முக்கால் பங்காவது கிடைத்தாலன்றி அதை எழுப்புவதில்லை. கிடைக்காதவை இன்றும் குவியலாகவே கிடக்கின்றன. கற்பனையில் கட்டிவிட ஆசையில்லாமலா இருந்திருக்கும்? அடக்கிக்கொண்டார்கள்.

படைவீட்டு விஷயத்தில் இந்த அடக்கம் மிகமிக அவசியம் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் நம் நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவற்றில் அதிஷ்டானமும் சுவரும் கருங்கல். மேலே எழும் விமானமோ செங்கல்லும் சுதையும். மண் மூடினாலும் பூமி அசைந்தாலும் முதலில் போவது செங்கல். ஜகதியும் குமுதமும் பட்டிகையும் கிடைத்துவிட்டால், விமானத்தின் உயரம் என்ன, எத்தனை தளம், சிகரம் வட்டமா எண்பட்டமா என்பதையெல்லாம் சிற்ப நூலைக் கொண்டு சொல்லிவிடலாமே என்பர். சொல்லலாம், ஆனால் சிற்ப நூல்களே அகலத்துக்கு ஏற்ற உயரத்தைச் சாந்திகம், பௌஷ்டிகம், ஜயதம், அத்புதம், சர்வகாமிகம் என்று ஐந்து வகையாக வகுக்கின்றன. ஐந்தும் சாஸ்திர சம்மதமே. சம்புவராயனுடைய ஸ்தபதி எதைத் தெரிந்தெடுத்தான்? கணினி ஐந்தில் ஒன்றை மட்டும் எழுப்பிக் காட்டி, 'இதுவே படைவீடு' என்று சொன்னால், அது பொய்ச் சாட்சியம்.

நீதிமன்றத்தில் கண்ணால் கண்டவனுடைய வாக்குமூலம் ஒன்று. பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்பவனுடைய வாக்குமூலம் வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் நீதிபதி இல்லை. கணினியில் எழும் கோயிலிலும் அந்த வேற்றுமை கண்ணுக்குத் தெரியவேண்டும். இன்று நிற்கும் கல் ஒரு நிறத்தில் இருக்கட்டும். விழுந்து கிடந்து, இடம் கண்டுபிடித்துப் பொருத்தப்பட்ட கல் வேறு நிறத்தில் இருக்கட்டும். சாஸ்திரத்தையும் அண்டைக் கோயில்களையும் கொண்டு ஊகித்தது மூன்றாம் நிறத்தில், மங்கலாக இருக்கட்டும். பார்ப்பவனுக்குச் சற்றே ஏமாற்றமாயிருக்கும். யானையும் குதிரையும் பொற்கலசமும் மேளதாளமும் சேர்த்துச் சினிமாவைப் போல் காட்டினால் கைதட்டுவான். அந்தக் கைதட்டலுக்காகத்தான் நாம் அஞ்சுகிறோம். நம் தேசத்தின் பழம்பெருமையைப் பேசுவதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவர்களல்லர். இந்தப் பத்தியை வாசிக்கும் தொண்டர்களும் அவ்வாறே. ஆனால் மெய்யான பெருமைக்கு அலங்காரப் பொய்யைத் துணை சேர்ப்பவன், எதிர்க்கட்சி வக்கீலின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறான். ஒரு கலசம் பொய் என்று நிரூபணமானால் அஸ்திவாரத்தையும் பொய்யென்பர்.

இனி, நாம் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

தமிழ்நாட்டில் பூகம்பம் அரிது, இல்லையென்பதற்கில்லை. 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் பூமி பலமாக அதிர்ந்தது. 2001 செப்டம்பர் 25-ஆம் தேதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் எழுந்த அதிர்ச்சியைச் சென்னையும் உணர்ந்தது. 2021 நவம்பர் இறுதியில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலம் அசைந்தது. இவற்றைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. நம் ஆலயங்களுக்கு இவற்றினும் கொடிய அபாயம் பக்தியின் வேடத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை வருகிறது. அதற்குத் திருப்பணி என்று பெயர்.

திருப்பணியை நாம் நிந்திக்கவில்லை. அது நம் முன்னோர் வகுத்த தர்மம். அதில்லாவிட்டால் எந்தக் கோயிலும் இன்று நின்றிராது. ஆனால் மணலை விசையோடு வீசிக் கல்லின் தோலை உரிப்பதும், கல்வெட்டுள்ள சுவரைக் கொத்திச் சமன் செய்வதும், சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்டைப் பூசுவதும், பழைய தளவரிசையைப் பெயர்த்து வழவழப்பான கிரானைட்டைப் பரப்புவதும் திருப்பணியாகுமா? இவ்விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, அதன் பேரில் யுனெஸ்கோ நிபுணர்கள் நம் கோயில்களைப் பார்வையிட்டு 2017-இல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் நம்மைப் புகழவில்லை. 2021 ஜூன் 7-ஆம் தேதி அதே நீதிமன்றம் கோயில்களின் பாதுகாப்புக்காக 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. கட்டளைகளுக்குக் குறைவில்லாத நாடு இது.

நமக்கு மிக அருகிலேயே ஒரு பாடம் கிடந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம், 2010 மே 26-ஆம் தேதி இரவு, எந்தப் பூகம்பமும் இல்லாமலே, சரிந்து மண்மேடாயிற்று. அதற்கு முன்னரே விரிசல் கண்டு ஜனங்களை விலக்கிவிட்டமையால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் கும்பாபிஷேகமும் ஆயிற்று. பழையது போலவே கட்டினோம் என்கிறார்கள். போலவே என்ற சொல்லுக்கு அளவுகோல் எது என்பதுதான் நம் கேள்வி.

பிரான்சு தேசத்தில் ஆண்ட்ரூ டாலன் என்ற கலைச் சரித்திரப் பேராசிரியர், பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயத்தைத் தம் ஆராய்ச்சிக்காக லேசரால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் அளந்து வைத்தார். 2018-இல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி அத்தேவாலயத்தில் தீப்பிடித்துக் கூரை வீழ்ந்தது. 2024 டிசம்பரில் அது மறுபடி திறக்கப்பட்டபொழுது, அதைப் புதுப்பித்தவர்கள் கைக்கொண்ட ஆதாரங்களில் அந்தப் பேராசிரியரின் அளவுகளும் முக்கியமானவை. அவர் தீ வருமென்று அளக்கவில்லை. கட்டடம் நின்றிருக்கும்போது அளந்தார், அவ்வளவே.

ஆகவே நாம் கோருவது இது. தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட எந்தக் கோயிலிலும், முழு அளவையும் படங்களும் எடுத்து முடியுமுன் திருப்பணிக்கு உத்தரவு கொடுக்கலாகாது. சாரம் கட்டுவதற்கு முன் ஒரு முறை, வேலை முடிந்தபின் ஒரு முறை. இரண்டையும் ஒப்பிட்டால் எந்தக் கல் போயிற்று, எந்த எழுத்து அழிந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடுவான். 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் கீழ் விதி செய்வதற்குச் சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. புதிய சட்டம் வேண்டும் என்ற சாக்கு எடுபடாது. கான்டிராக்டர்கள் இதை விரும்பமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம்.

அந்த அளவுகளை எங்கே வைப்பது என்பதும் சிறு விஷயமன்று. நம் கல்வெட்டுகளின் மைப்படிகளுக்கு நேர்ந்த கதி நினைவிருக்கும். தமிழ்க் கல்வெட்டுகளின் படிகள் பல்லாயிரக்கணக்கில் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. தன் பாட்டன் எழுதிய பத்திரத்தைப் பார்க்கப் பேரன் கோர்ட்டுப் படியேறிய கதை அது. கோயிலின் டிஜிட்டல் அளவுகளும் வெளியூர்க் கம்பெனியொன்றின் பெட்டகத்தில் பூட்டுண்டு, காசு கட்டினவனுக்கு மட்டும் திறக்குமானால், நாம் மறுபடியும் அதே வாசலில் நிற்போம். ஒரு பிரதி அந்தந்த ஜில்லாவில் இருக்கட்டும். எவரும் இலவசமாகப் பார்க்கட்டும். விவரங்கள் தமிழில் இருக்கட்டும்.

பணம் எங்கே, ஆள் எங்கே என்பர். மத்திய சர்க்காரின் விஞ்ஞான தொழில்நுட்ப இலாகா ஹம்பி நகரத்தைக் கணினியில் பதிவதற்குப் பெருந்திட்டமே நடத்தியிருக்கிறது. வென்றவனின் நகருக்குக் கிடைத்த கண், தோற்றவனின் நகருக்கும் கிடைத்தாலென்ன? ஆளைப் பற்றியும் கவலையில்லை. ஜவ்வாது மலையின் மேலே காவலூரில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களின் ஒளியை அளந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ ஒளியாண்டுத் தூரத்தை அளக்கும் மலையின் அடிவாரத்தில் எட்டு முழத் தூணை அளக்க ஆளில்லையென்பது நகைப்புக்கிடம். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைவாழ் இளைஞர்களுக்கும், போளூர் ஆரணிக் கல்லூரி மாணவர்களுக்கும் இக்கருவிகளைப் பழக்கினால், ஒரு நல்ல காமிராவும் பொறுமையும் போதும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை தேடிப் படித்து 1972-இல் நூலாக்கியபோது இந்த வசதிகூட இல்லை. மைப்படியும் சைக்கிளும் கொண்டே அதைச் செய்தவர்கள் நம்மவர்களே. அந்நடுகற்கள் பலவும் இன்னும் வெயிலிலும் மழையிலும் வயல் வரப்புகளில் நிற்கின்றன. அவற்றையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

சர்க்கார் அசையும் வரை காத்திராமல் நம் நேயர்களே உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. வேலூர், ஆரணி, போளூர், கண்ணமங்கலம் ஊர்களில் படைவீட்டு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் எண்ணிறந்தவை. முடியிறக்கியபோதும், காது குத்தியபோதும், பொங்கலிட்டபோதும் எடுத்த புகைப்படங்கள் அவ்வீடுகளின் தகரப்பெட்டிகளில் கிடக்கும். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்களிடம் நெகடிவ்கள் இருக்கும். மணல் அகற்றப்படுவதற்கு முன் எடுத்தவையாயின் அவை பொன்னினும் அரியவை. நம் தொண்டர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, அசலை உடையவர்களிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கட்டும். எந்த ஆண்டு, எந்த இடம், எந்தத் திசை நோக்கி எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களை விசாரித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கட்டும். படத்தில் இருப்பது மொட்டைத் தலையோடு அழும் குழந்தையாயினும் தள்ளிவிடவேண்டாம். அதன் தோளுக்குப் பின்னால் ஒரு தூண் தெரிகிறதா என்று பார்க்கட்டும்.